கழுத்தோரத்து நிழல்

எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரே கோட்டைப் போட்டுத்தான் படம் எடுத்திருக்கிறோம். கருநீலக் கோட்டு. ஸ்டுடியோ அண்ணன் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். பாஸ்போர்ட்டுக்கு, வேலைக்கு மனுப் போட, பெண் வீட்டுக்கு அனுப்ப, எதற்கானாலும் "அந்தக் கோட்டை எடுத்து மாட்டுப்பா" என்பார். நாம் ஒல்லியாக இருந்தால் முதுகுப் பக்கம் இரண்டு துணிக் கிளிப்பைப் போட்டு இறுக்கிவிடுவார். எனக்குப் பெண் பேசியபோது அனுப்பிய படத்திலும் அதே கோட்டுதான். கல்யாணமான ஒரு வாரத்தில் என் வீட்டுக்காரி "அந்தக் கோட்டு எங்கே?" என்று கேட்டாள். இன்றைக்கும் சண்டை வந்தால் கேட்பாள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கோட்டு அதற்குள் போய்விட்டது. சுவரில் ஆணி மட்டும் மிச்சம். ஸ்டுடியோ ஃப்ளெக்ஸ் கடையாகி, பத்தடி அகலத்துக்கு அச்சடிக்கிற மெஷினும் வந்தது. ஆனால் ஆளைப் பார்த்ததும் எதையாவது மாட்டிவிடுகிற பழக்கம் அண்ணனை விட்டுப் போகவில்லை. செத்துப்போன அம்மாவின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் காதில் கம்மல் போட்டுத் தருவார். நரையைக் கறுப்பாக்குவார். வெளிநாட்டில் இருக்கிற தம்பியைக் குடும்பப் படத்தில் மற்றவர்கள் தோளுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். அதையெல்லாம் அவர் பொய் என்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிறவனுக்குச் சட்டையைத் தேய்த்துக் கொடுக்கிற மாதிரி ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

நான் பக்கத்துக் கடை. சாவி போடுகிறவன். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் மெஷின் சர்ர் சர்ரென்று ஓடுவது எனக்குக் கேட்கும், என் அரம் கிறீச்சிடுவது அவருக்குக் கேட்கும். அண்ணி தவறி நான்கு வருடமாகிறது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அச்சாகி வருகிற ஃப்ளெக்ஸுக்கு ஓரம் மடித்து ஒட்டுவதும், மூலைகளில் கயிறு கோக்க வளையம் அடிப்பதும் மருமகள் வேலை. மையும் பசையும் சேர்ந்த வாடை மூக்கைத் துளைக்கும். அவள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, பத்தடி நீளத்துக்கும் நகர்ந்துகொண்டே ஒட்டுவாள். பேத்தி ஒன்றாம் வகுப்பு. மகன் லாரி டிரைவர். வீட்டில் இருக்கும்போது சட்டைப் பையில் டீக்கடை பிஸ்கட்டை வைத்துக்கொண்டு தெருக்குழந்தைகளுக்குக் கொடுக்கிறவன்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் எல்லைப் பக்கம் போயிருந்தான். ராணுவ முகாமுக்கு மாவும் உருளைக்கிழங்கும் கொண்டுபோகிற ஒப்பந்த லாரி. மொத்தம் எட்டு லாரிகள். போன இடத்தில் சண்டை மூண்டது. பனியில் பாதை தெரியாமல் இந்த எட்டுப் பேரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள், அந்த நாட்டு ராணுவத்தார் இந்தப் பக்கம் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சிலர் சொன்னார்கள். எட்டு டிரைவர்களும் அவர்கள் கையில் இருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம். லாரி முதலாளியின் ஆபீஸிலிருந்து போன் வந்தபோது மருமகள் ஒரு ஜவுளிக்கடை ஃப்ளெக்ஸுக்கு ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். போனைக் கேட்டுவிட்டு வைத்தாள். பசை காய்ந்துவிடும் என்பதால் மீதி ஓரத்தையும் ஒட்டி முடித்தாள். அதன் பிறகுதான் எழுந்தாள்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. அதுவரை ஆளுங்கட்சிக்காரர்கள் எங்கள் தெருவுக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை. ஐந்து மாதமாகக் குழாயில் தண்ணீர் இல்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர்களைப் பெண்கள் காலிக் குடத்தைக் காட்டியே திருப்பி அனுப்பியிருந்தார்கள். எல்லையில் சண்டை என்று செய்தி வந்த மறுநாள் அதே ஆட்கள் தேசியக்கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு வருகிறவனிடம் போய்க் குடத்தை நீட்டுவதா? நானும் கேட்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினேன்.

ஊர்வலம் முடிந்ததும் வட்டம் அண்ணன் கடைக்கு வந்தார், நானும் அங்கேதான் இருந்தேன். ஆளுங்கட்சி வட்டச் செயலாளர். எங்களுக்கு அவர் பெயரே வட்டம்தான், வயிறும் அதற்கு ஏற்ற மாதிரி. வந்தவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அது நடிப்பு என்று சொல்லமாட்டேன். அவரும் பிள்ளை குட்டிக்காரர்தான். ஆனால் அழுதுகொண்டே கடையை நோட்டம் விட்டார்.

"அண்ணே, தம்பி நம்ம தெருப்பிள்ளை. விட்டுருவோமா? சாயங்காலம் முச்சந்தியில கூட்டம். தலைவரே வர்றாரு. தம்பி படத்தைப் பெருசா வெக்கணும். பத்துக்குப் பன்னெண்டு."

அண்ணன் கம்ப்யூட்டரில் ஒரு படத்தை எடுத்தார். போன முறை ஊருக்கு வந்தபோது எடுத்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை, லாரிக் கதவில் சாய்ந்துகொண்டு, கையில் டீ கிளாஸோடு சிரிக்கிறான்.

வட்டம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சந்தைக்குக் கிளம்பினவன் மாதிரி இல்ல இருக்கு? இதைப் பாத்து எவனுக்கு ரத்தம் கொதிக்கும்? ஒரு டிரெஸ்ஸை மாட்டுங்களேன்."

"என்ன டிரெஸ்ஸு?"

"பட்டாளத்து டிரெஸ்ஸுதான். எல்லைக்குப் போனவன்தானே?"

வாசலில் நின்றிருந்த மருமகள் உள்ளே வந்தாள். "மாமா, அவரு டிரைவருதானே? முகாமுக்குள்ளகூட விடமாட்டாங்கன்னு சொல்லியிருக்காரே. வாசல்லயே மூட்டையை இறக்கிட்டுத் திரும்பிடணும்னு."

"அதுக்கில்லம்மா," என்றார் வட்டம். "உனக்கு அரசியல் தெரியாது. நான் உள்ளதைச் சொல்லட்டுமா? எட்டு லாரி டிரைவரைக் காணோம்னா அது பேப்பர்ல நாலாம் பக்கம். சிப்பாயைக் காணோம்னா? மந்திரி பேசியே ஆகணும். நாடே கேக்கும்ல?"

இந்த இடத்தில்தான் அண்ணன் விழுந்தார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்சி மீது அவருக்கு ஒரு பிடிப்பும் கிடையாது, எல்லாக் கட்சிக்கும் அடிக்கிறவர். ஆனால் மகன் சீக்கிரம் வருவான் என்று ஒருவன் சொல்லிவிட்டான். பெற்றவன் அதற்கு மேல் எதைக் கேட்பான்?

"படத்துக்குத்தானேம்மா," என்றார் மருமகளிடம். "நாலு பேர் பாக்கட்டும். பாத்தாத்தான் பேசுவாங்க."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது, "கம்பீரமாத்தான் இருக்கும்மா" என்றேன்.

அரை மணி நேரத்தில் சீருடையை மாட்டிவிட்டார். தோளில் பட்டை, தலையில் தொப்பி. டீ கிளாஸ் காணாமல் போய்க் கையில் துப்பாக்கி வந்தது. சிரிப்பை மட்டும் அண்ணன் தொடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"கழுத்துகிட்ட நிழல் சரியா உக்காரல. மூஞ்சியில வெளிச்சம் வலது பக்கமிருந்து வருது. சட்டையில இடது பக்கமிருந்து. இன்னும் ஒரு மணி நேரம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

"எவன்ணே கழுத்தைப் பாக்கப்போறான்? மேடை போட்டாச்சு, ஓட விடுங்க."

அண்ணன் தன் வாழ்நாளில் சரி பண்ணாமல் வெளியே விட்ட படம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மெஷின் ஓடியது. மருமகள் மண்டியிட்டு, புருஷன் மார்பின் மேல் நகர்ந்து ஓரம் ஒட்டினாள். மூலைகளில் சுத்தியலால் வளையம் அடித்தாள். முச்சந்தியில் கட்டும்போது ஏணியைப் பிடித்தது நான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி நிமிர்ந்து பார்த்து, "அப்பா இந்தச் சட்டை எப்பம்மா வாங்குனாரு?" என்றாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் மைக் வந்தார். எதிர்க்கட்சி. எந்தக் கூட்டத்திலும் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். "பாருங்கண்ணே, பிடிபட்ட சிப்பாயை மீட்க வக்கில்லாத அரசுன்னு போடணும். அதே படம், அதே டிரெஸ்ஸு. கொஞ்சம் சோகமா ஆக்க முடியுமா?"

"அவரு சிப்பாயில்லங்க," என்றாள் மருமகள்.

"தெரியும்மா. ஆனா அவங்க சிப்பாய்னு வெச்சுட்டாங்கள்ல? இப்ப நாங்க போய் டிரைவர்னு சொன்னா, வீரனைக் கேவலப்படுத்துறான்னு எங்களையே திருப்பி அடிப்பாங்க."

முச்சந்தியில் இந்தப் பக்கம் ஆளுங்கட்சி ஃப்ளெக்ஸ், எதிரே எதிர்க்கட்சி ஃப்ளெக்ஸ். இரண்டிலும் ஒரே பிள்ளை ஒரே சிரிப்போடு தன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இங்கே பிடுங்குகிறவர்களுக்கு வீட்டுக்காரரே ஏணி எடுத்துக் கொடுத்தார், நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாள் கூட்டத்திலேயே தலைவர் மேடையில் அந்தப் படத்தைக் கை நீட்டிக் காட்டி, "என் சிப்பாய்" என்றார். அது டிவியில் வந்தது. மறுநாள் தலைநகரம் வரைக்கும் அந்தப் படம் போய்விட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டினார்கள், பனியனில் அச்சடித்தார்கள். அண்ணன் டிவியில் மகனைப் பார்க்கும்போதெல்லாம், "பேசறாங்க பாத்தியா, பேசறாங்க" என்பார். அந்தப் பத்து நாளும் மனுஷன் நன்றாகச் சாப்பிட்டார்.

பத்தாம் நாள் மத்தியானம் செய்தி வந்தது. நல்லெண்ண அடிப்படையில், வழிதவறி வந்த டிரைவர்களை அந்த நாடு விடுவிக்கிறது. வரிசையாக எல்லைக் கதவைத் தாண்டி வந்தார்கள். கடையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நின்று டிவியைப் பார்த்து எண்ணினோம். ஐந்து, ஆறு, ஏழு. கதவை மூடிவிட்டார்கள்.

எட்டாவது ஆள் எங்கே என்பதை அந்த நாட்டு அதிகாரி ஒருவர் சொன்னார். அவர் கையில் எங்கள் முச்சந்தி ஃப்ளெக்ஸின் படம். ஏழு பேர் டிரைவர்கள், போகலாம். எட்டாமவன் ராணுவத்தான் என்று அவர்களுடைய தலைவரே மேடையில் சொல்லியிருக்கிறார். சீருடையைக் கழற்றிவிட்டுக் கட்டம் போட்ட சட்டையில் லாரியில் வந்தவன் உளவாளி. அவனை விசாரிக்க வேண்டும்.

 மருமகள் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் அண்ணனைப் பார்க்காமல் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே அண்ணன் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். படம் அதற்குள் அடுக்கடுக்காக இருக்கிறது, சீருடை தனி, துப்பாக்கி தனி, முகம் தனி, ஒன்றொன்றாகக் கழற்றிக் காட்டலாம் என்பது அவர் கணக்கு. வட்டம் தேர்தல் ஆபீஸில் இருந்தார். பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணே, தப்பு நடந்துபோச்சு, நான் ஒத்துக்கறேன். ஆனா இன்னும் பன்னெண்டு நாள்ல ஓட்டு. இப்பப் போய்த் தலைவர் சொன்னது பொய்னு நாமளே சொல்ல முடியுமா? ஓட்டு முடியட்டும். நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"பன்னெண்டு நாள் அங்க அவனை என்ன பண்ணுவாங்க?"

வட்டம் குனிந்து மேஜையில் கிடந்த துண்டுப் பிரசுரத்தை அடுக்கினார். அதிலும் அவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு கடுதாசியாவது எழுதிக் குடுய்யா. டிரைவர்தான்னு ஒரு வரி. உன் காலை வேணாப் பிடிக்கறேன்," என்றார் அண்ணன். நிஜமாகவே குனிந்தார். நான் பிடித்துத் தூக்கினேன். வட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எழுதித் தரவில்லை.

மைக் தேடிக்கொண்டே வந்தார். "எங்க மேடைக்கு வாங்கண்ணே. நாடு பூரா உங்களைக் கேக்கட்டும்."

"போக வேணாம் மாமா," என்றாள் மருமகள். "இவங்க ஃப்ளெக்ஸும் நாமதான் அடிச்சோம்."

"வேற யாரு மேடை குடுப்பா?" என்றார் அண்ணன்.

போனார். பெரிய திரை கட்டியிருந்தார்கள். அண்ணன் அதுவரை மேடை ஏறியதில்லை. "இது என் பையன். லாரி ஓட்டறவன். இந்தச் சட்டையை மாட்டினது நான்தான். கழுத்துகிட்ட பாருங்க, நிழல்..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான் பேசினார். மைக் மைக்கை வாங்கிக்கொண்டார். "பாருங்கள் மக்களே! ஓட்டுக்காக ஓர் ஏழை டிரைவருக்குச் சீருடை மாட்டிய கயவர்கள் யார்?" என்று முக்கால் மணி நேரம் பேசினார். தன் கட்சி ஃப்ளெக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அண்ணன் ஓரத்தில் நின்றார். உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஆளுங்கட்சிப் பத்திரிகை பெற்ற மகனின் வீரத்தையே விலை பேசிய தகப்பன் என்று எழுதியது. கடைக் கண்ணாடியில் கல் விழுந்தது. அந்த நாட்டு அதிகாரியோ, மாட்டத் தெரிந்தவனுக்குக் கழற்றவும் தெரியும், அவரே இப்போது டிரைவர் சட்டையை மாட்டியிருக்கலாம் என்று சொன்னாராம். உண்மையைச் சொல்லியும் அது ஒரு கட்சியின் பேச்சாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. குரங்கைத் திரும்பவும் பிள்ளையாராக்க யாருக்கும் வழி தெரியவில்லை.

ஓட்டு முடிந்தது. ஆளுங்கட்சியே வந்தது. இரண்டு நாள் கழித்து வட்டமும் மைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். வட்டம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றும் சொல்லவேண்டும். அண்ணனைத் தலைநகருக்கு அழைத்துப்போனார். அங்கே மனுவை வாங்கிக்கொண்டு, "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்றார்களாம். ஃப்ளெக்ஸுகளை அவிழ்த்தார்கள். நல்ல கெட்டித் துணி, யாரும் வீணாக்கவில்லை. மழை பிடித்தபோது மரக்கடைக்காரர் பலகை அடுக்கின் மேல் ஒன்றைப் போர்த்தியிருந்தார். சிரிப்பில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மருமகள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வேறு தெரு வழியாகக் கூட்டிப்போனாள்.

அந்த மழையில்தான் ஒருவர் வந்தார். திரும்பி வந்த ஏழு பேரில் ஒருவர், நரைத்த தாடி. இத்தனை நாளும் நம் அதிகாரிகள் விசாரணை என்று வைத்திருந்தார்களாம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மருமகள் துண்டு கொடுத்தாள், டீ போட்டாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவாப்ல. ஒரு கோட்டு இருக்குமாமே?"

"இருந்துச்சு," என்றார் அண்ணன். "அவன் எப்படி இருக்கான்?"

"நான் பாத்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாப்ல. எங்களை ஒண்ணாத்தான் வெச்சிருந்தாங்க. ஒரு நாள் அந்த ஆபீசர் படத்தைக் கொண்டாந்து காட்டினான். இது நீதானேன்னு. உங்க பையன் பாத்ததும் சிரிச்சுட்டாப்ல. எங்களுக்கே பயமாப் போச்சு, இவன் என்னடா சிரிக்கிறான்னு. 'இது எங்கப்பா வேலைங்க'ன்னான். 'கழுத்துகிட்ட பாருங்க, நிழல் எதிர்ப் பக்கம் விழுது. எங்கப்பா இப்படி விடமாட்டாரு, யாரோ அவசரப்படுத்தியிருக்காங்க'ன்னான்."

அண்ணன் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. "அப்புறம்?"

தாடிக்காரர் மருமகளைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"சொல்லுங்க," என்றாள்.

"ஆபீசர் கொஞ்ச நேரம் யோசிச்சான். அவனும் கெட்டவனில்லைன்னுதான் எனக்குப் பட்டுச்சு. 'ஏம்ப்பா, எந்த அப்பனாவது பெத்த பிள்ளை எதிரி கையில மாட்டிக்கிட்டிருக்கும்போது இப்படி ஒரு படத்தைப் போடுவானா? பொய் சொல்றதுன்னா நம்புற மாதிரிச் சொல்லு'ன்னான். அதுக்கு உங்க பையனால பதில் சொல்ல முடியலைங்க. அன்னிக்கே தனியாக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க."

 அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "கோவமாச் சொன்னானா? எங்கப்பா வேலைன்னு?" என்றார்.

"இல்லீங்க. பெருமையாத்தான் சொன்னாப்ல."

திட்டியிருந்தால் மனுஷன் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, மருமகள் ஓரம் ஒட்டுகிற அதே இடத்தில், தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

தாடிக்காரர் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். நீலக் கட்டம். "தனியாக் கூட்டிட்டுப் போறப்ப அவங்க வேற துணி குடுத்ததும் இதைச் சுருட்டி என்கிட்ட குடுத்தாப்ல. பிடிபட்டப்ப இதைத்தான் போட்டிருந்தேன், அப்பாகிட்ட குடுங்க, அவரு காட்ட வேண்டியவங்ககிட்ட காட்டுவாருன்னு சொன்னாப்ல."

மருமகள் சட்டையை வாங்கி விரித்தாள். தோளில் மாவு படிந்து கெட்டியாகியிருந்தது. ஒரு பொத்தான் இல்லை. பைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிஸ்கட் தூள்.

"தொவைச்சுராதம்மா," என்றார் அண்ணன் தரையிலிருந்தபடியே. "அது அப்படியே இருக்கணும். அதைக் காட்டணும்."

"யார்கிட்ட மாமா?"

என்னிடம் கேட்ட கேள்வியில்லை, ஆனாலும் பதில் தேடினேன். வட்டம் முகம் வந்தது, மைக் முகம் வந்தது, ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என் முகமும் வந்தது.  அவள் எழுந்து போய், அந்த வெற்று ஆணியில் சட்டையை மாட்டினாள். காலர் ஒரு பக்கமாகச் சரிந்தது. அண்ணன் பழக்கத்தில் அதைச் சரிசெய்யக் கை தூக்கினார்.

"தொடாதீங்க மாமா," என்றாள்.